முத்திரை வைத்த குப்பியில் தூசி

கண்ணாடிக் குப்பி கழுவுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டில்கூட டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பேன். "உங்களுக்கு உலகத்துல ஒரே எதிரி தூசிதான்" என்று மனைவி கிண்டல் செய்வாள்.

எங்கள் தொழிற்சாலையில், ரத்தம் அதிகம் போன நோயாளிகளுக்கு ஏற்றும் பாலிமர் கரைசல் தயாராகிறது. அதில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறும் வெளிச்சத்தை வைத்து மூலக்கூறுகள் எவ்வளவு பெரியவை என்று சொல்வது என் வேலை. தூசி குறுக்கே போனால் திரையில் கோடு உச்சிக்குக் குதிக்கும். அந்த அளவை அழித்துவிட்டு, 'தூசி' என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். அதற்கு அனுமதி உண்டு.

ஒரு பேட்ச் மருந்தில் கோடு ஒன்பது முறை குதித்தது. வடிகட்டி, மூடி முத்திரை வைத்தேன், அடங்கியது. மறுநாள் அதே குப்பியில் மறுபடி குதித்தது.

அன்று குப்பிகளைக் கழுவித் தந்த எதிர் மேசை மேடம் எட்டிப் பார்த்தார். "சார், முத்திரை வச்ச குப்பிக்குள்ள தூசி எப்படித் திரும்ப வரும்? மருந்துதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாகுது. ரத்தக்குழாய்ல அடைச்சா ஆளு என்ன ஆவாங்க?"

அவர் சொன்னது சரி. எனக்கும் தெரியும். ஆனால் முந்தைய இரண்டு பேட்ச்களிலும் இதையேதான் அழித்திருந்தேன். இந்த பேட்சை நிறுத்தினால் அந்தத் தவறுகளும் தெரியவரும். பத்தொன்பது வருடத்தில் என் முடிவு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

"குப்பிய நீங்க சரியா கழுவியிருக்க மாட்டீங்க, மேடம்" என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. நான் ஒன்பது முறை 'தூசி' என்று எழுதினேன்.

இந்த மருந்தால் செத்தவர்கள் ஆறு பேர் என்று உங்கள் விசாரணைத் தாளில் இருக்கிறது. ஏழு என்று திருத்திக்கொள்ளுங்கள். ஏழாவது என் மனைவி.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளுக்கு அந்தக் கரைசலை ஏற்றச் சொன்னார்கள். நர்ஸ் பாட்டிலை மாட்டும்போதே பேட்ச் எண்ணைப் படித்துவிட்டேன், அதே பேட்ச். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

"உங்க கம்பெனி மருந்துதானே?" என்று மனைவி கேட்டாள்.

"ஆமா."

"நீங்க பாத்ததா?"

"நான் பாத்ததுதான்."

"அப்போ பயமில்ல" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், எப்படித் தெரியும் என்று நர்ஸ் கேட்பார். பாட்டிலின் கழுத்தில் லேசாகத் தூசி படிந்திருந்தது. அவள் விஷயத்தில் நான் அலட்சியமாக இருந்ததே இல்லை. கைக்குட்டையை எடுத்து, அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.