செம்பு பட்டா எரியிற தட்டு

தம்பி: அக்கா... என் கையே எனக்குத் தெரியல. எங்க நிக்கிற நீ?

அக்கா: உன் பக்கத்துலதான். லேப்ல இந்த ரூம் மட்டும் இப்படித்தான் இருட்டா இருக்கும். எதையும் தொட்டுத் தொலைக்காத.

தம்பி: வெளிய வெயில் கொளுத்துது, இங்க இப்படிக் குளுருது...

அக்கா: குளுராம், பயமாயிருக்குன்னு சொல்லேன். இந்தா, மூடியை எடுக்குறேன்.

தம்பி: அய்யோ! என்னது அது? பச்சையா... மூச்சு விடுற மாதிரி இருக்கு!

அக்கா: உயிரோடதானடா இருக்கு. கோடிக்கணக்குல கிருமி. கத்தாம பாரு.

தம்பி: கிருமி எதுக்கு எரியுது?

அக்கா: செம்பு ஜாஸ்தியானா அது செத்துடும். அதனால மரபணு மேல ஒரு காவக்காரப் புரதம் உக்காந்திருக்கும். செம்பு வந்து ஒட்டிச்சோ, உடம்பை முறுக்கி சுவிட்சைப் போட்டுடும்.

தம்பி: போட்டா?

அக்கா: செம்பை வெளிய தள்ளுற பம்பை அந்தக் கிருமி செய்ய ஆரம்பிச்சுடும். அந்தப் பம்போட மரபணுவுக்குப் பின்னால நாங்க ஒரு வெளிச்ச மரபணுவைக் கோத்து விட்டிருக்கோம். ஒரே சுவிட்சு, ரெண்டும் ஓடும். ஆத்துத் தண்ணியில செம்பு கலந்திருக்கான்னு பாக்கத்தான் இதை வளக்குறோம்.

தம்பி: இதுல விட்டது ஆத்துத் தண்ணி இல்லயே...

அக்கா: இல்ல. நீ டப்பாவுல குடுத்த உன் மூத்திரம். பக்கத்துத் தட்டுல என்னோடது இருக்கு. இருட்டாக் கெடக்கு பாரு.

தம்பி: டப்பாவுல ஏதாவது ஒட்டியிருந்து...

அக்கா: மூணு தரம் போட்டுட்டேன். மூணு தரமும் எரிஞ்சுது.

தம்பி: அப்போ... அண்ணனுக்கு வந்த அதேவா?

அக்கா: அதேதான்னு தோணுது. பேய் புடிச்சிருக்குன்னாங்களே. ஆளே இல்லாத நாற்காலியைப் பாத்து, "நீ எப்ப வந்த"ன்னு கேப்பானே...

தம்பி: வேணாம்க்கா, இருட்டுல அதைச் சொல்லாத.

அக்கா: பேயும் இல்ல, பிசாசும் இல்ல. இந்தக் கிருமிக்கு இருக்குற மாதிரியே ஒரு பம்பு நம்ம ஈரல்லயும் இருக்கு. அவனுக்கு அது ஓடல, பரம்பரையா வர்ற கோளாறு. செம்பு ஈரல்ல ரொம்பி, மூளைக்குப் போயிடுச்சு.

தம்பி: டாக்டருங்களே சொல்லலயே. உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அக்கா: இரு, முதல்ல இந்தத் தட்டை மூடிடுறேன்.

தம்பி: அக்கா? இருக்கியா?

அக்கா: இருக்கேன்... அவன் இருக்கும்போதே ஒரு நாள், சும்மா விளையாட்டுக்கு, அவனோடதையும் தட்டுல விட்டேன். எரிஞ்சுது.

தம்பி: எரிஞ்சுதா! அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?

அக்கா: அவன் செம்பு பாட்டில்லதான தண்ணி குடிப்பான். உடம்புக்கு நல்லதுன்னு நானே வாங்கிக் குடுத்தது. அதுலேர்ந்து இறங்கின செம்புன்னு நெனச்சு, கிருமி சாகத் தட்டைக் கொதிக்க வச்சுக் கொட்டிட்டேன். வெளி ஆளோடதா இருந்தா திரும்பப் போட்டிருப்பேன்... நம்ம அண்ணன்தானேன்னு விட்டுட்டேன்டா.

தம்பி: அடிப்பாவி... அப்புறம் எவ்வளவு நாள் இருந்தான்?

அக்கா: ரெண்டு வருஷம். அப்பவே மாத்திரை குடுத்திருந்தா இன்னிக்கும் நம்மளத் திட்டிக்கிட்டுக் கெடந்திருப்பான். அந்தப் பாவம் போதும் எனக்கு. நாளைக்கே உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போறேன். இந்தத் தட்டை நம்பி முடிவு பண்ணக் கூடாது, அவங்க ரத்தம் எடுத்துப் பாக்கட்டும்.

தம்பி: மாத்திரை போட்டா நின்னுடுமா?

அக்கா: ஆரம்பத்துலயே புடிச்சா நல்லா வாழலாம். விடாமப் போடணும், அவ்வளவுதான். நீதான் கல்லு மாதிரி இருக்கியே.

தம்பி: ரொம்பக் கசக்குமா?

அக்கா: கேக்குற கேள்வியைப் பாரு! முப்பத்தாறு வயசாச்சு உனக்கு.

தம்பி: முழுங்கத் தெரியலன்னா... பொடிச்சுக் குடுக்கலாமா?

அக்கா: யாருக்கு?

தம்பி: சும்மாதான் கேட்டேன்.

அக்கா: டேய், யாருக்குடா?

தம்பி: அண்ணனுக்கு ஆன மாதிரியே கையெழுத்து திடீர்னு கோணிக்கிட்டுப் போகுதுன்னு ஸ்கூல்ல கூப்பிட்டுச் சொன்னாங்கக்கா... நீ பயந்துடுவேன்னுதான் என்னோடதுன்னு சொன்னேன். அந்த டப்பாவுல இருந்தது என் பாப்பாவோடது.