மூணாம் நம்பர் ரிலே

கிட்ட வந்து உக்காருங்க. கரண்ட் வர்ற வரைக்கும் சொல்றேன்.

என் சிநேகிதனோட சித்தப்பாவுக்கு நடந்தது இது. எலக்ட்ரீஷியன் அவர். ஃபேக்டரி பேனல் ரிப்பேர்தான் பொழப்பு. ராத்திரி இல்லப்பா... பட்டப்பகல். ஞாயித்துக்கிழமை, மத்தியானம் ரெண்டு மணி. ஊருக்கு வெளிய நீளமா ஒரு ரோடு, ஈ காக்கா கிடையாது. ரெண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துட்டு, கண்ணு சொருக வீட்டுக்குப் போயிட்டிருந்தவரை சூப்பர்வைசர் போன் போட்டுத் திரும்பக் கூப்பிட்டார். மாட்டுத் தீவன ஃபேக்டரி. பெரிய மிக்ஸர் ஓடலையாம்.

"கழுவியாச்சு, மூடியும் போட்டாச்சு. ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டா நானும் வீட்டுக்குப் போவேன்யா."

சித்தப்பா பேனலைத் திறந்தார். வரிசையா ரிலே, ஒவ்வொண்ணும் தீப்பெட்டி அளவு. ஸ்டார்ட் பட்டனைத் தட்டினா 'டிக்'னு இழுக்கணும், மோட்டாருக்குக் கரண்ட் போகணும். மிக்ஸருக்கு மூணாவது.

தட்டினார். லைட் எரியுது... டிக் வரல.

மீட்டர் வச்சார். இருபத்திநாலு வோல்ட், சரியா வருது. சரி, ரிலே செத்துடுச்சுன்னு பக்கத்து ரிலேவைக் கழட்டி அங்க மாட்டினார். அதுவும் இழுக்கல. பழசைப் பக்கத்துல மாட்டினா... டிக்! ஜோரா இழுக்குது. சாக்கெட்டையே மாத்தினார். ம்ஹூம்.

"இன்னும் எவ்வளவு நேரம்யா?"

ரிலே தலையில குட்டியா ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். அதை அமுக்கினா கரண்ட் இல்லாமலே இழுத்துடும். அலுத்துப்போய் கட்டைவிரலை வச்சு அமுக்கினார்.

பட்டன் உள்ள போகல.

ஸ்பிரிங்னா வெடுக்குன்னு தள்ளும். இது... மெதுவா. இந்தப் பக்கம் இவர் விரல், அந்தப் பக்கம் இன்னொரு விரல் மாதிரி. அது நடுங்குச்சாம்.

கையை எடுத்தார். மெயினை இறக்கினார். ஏணியில ஏறி மிக்ஸர் மூடியைத் திறந்தார்.

ஈரத் தவிட்டு நாத்தம்... குப்புன்னு. அடியில, பிளேடுகளுக்கு நடுவுல, கழுவப் போன ஆள் அரை மயக்கத்துல கிடக்கார்.

சூப்பர்வைசரும் ஏணியில ஏறி எட்டிப் பார்த்தார். "வெளிய வந்துட்டான்னுதான்யா மூடினேன்..."

ஆள் பிழைச்சிட்டார். மறுநாள் அதே பழைய ரிலேவை அதே இடத்துல மாட்டினாங்க. பட்டனைத் தட்டினதும்... டிக். ஒரு குறையும் இல்ல. மிக்ஸர் ரெண்டு ஷிஃப்டும் ஓடுச்சு.

சாயங்காலம் சித்தப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த ஆள் இவர் கையைப் பிடிச்சுக்கிட்டு முதல்ல கேட்டது இதுதான்.

"அண்ணே... அவரையும் தூக்கிட்டீங்கள்ல?"

"எவரை?"

"உள்ள என்கூட இருந்தவரை. இருட்டுல மூஞ்சி தெரியல. நீங்க மூடியைத் திறக்குற வரைக்கும் ஒரே பேச்சுதான்... 'கை ஓஞ்சு போச்சு தம்பி. இதுக்கு மேல பிடிக்க முடியாது'ன்னு."