இரண்டு வெள்ளைச் சீட்டுகள்

பென்சிலால் எழுதுவது எனக்குப் பிடிக்காது, ஐயா. நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றவன் நான். பேனாவால் எழுதினால்தான் எழுதியதுபோல் இருக்கும்.

தாவர ஆய்வுக்கூடத்தில் முதலில் பாட்டில் கழுவினேன். எழுத வந்ததும் டாக்டரம்மா சீட்டு எழுதும் வேலையைக் கொடுத்தார். பூமொட்டுகளை ஸ்பிரிட்டில் போட்டு, செடியின் பெயரெழுதிய சீட்டையும் பாட்டிலுக்குள்ளேயே போட வேண்டும். பிறகு மொட்டை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவேன். விதையாகப் போகும் சூலுக்கு உறை ஒன்றா இரண்டா, கரு எப்படி வளர்கிறது என்று அம்மா பார்ப்பார். "பூவோட மூஞ்சியப் பாத்துச் செடி எந்தக் குடும்பம்னு சொன்னா ஏமாந்துபோவோம். கரு ஏமாத்தாது" என்பார்.

சீட்டைப் பென்சிலால்தான் எழுதச் சொல்லியிருந்தார். ஒருநாள் இரண்டு பாட்டில்களுக்கு மட்டும் பேனாவால் எழுதினேன். மறுவாரம் பார்த்தால் இரண்டு சீட்டும் வெள்ளை. ஸ்பிரிட் மையைக் கரைத்துவிட்டது. மொட்டுகளும் ஒன்றுபோலவே இருந்தன. குத்துமதிப்பாக இதுதான் அது என்று வைத்துக்கொண்டு, பென்சிலால் புதுச் சீட்டு எழுதிப் போட்டேன்.

அதில் ஒரு பாட்டிலின் மொட்டைத்தான் சீவினோம். சூலுக்கு ஓர் உறை தெரிந்தது. சீட்டிலிருந்த செடியை அதுவரை சேர்த்திருந்த குடும்பத்தில் எல்லாச் செடிக்கும் இரண்டு. அம்மா அதை வேறு குடும்பத்துக்கு மாற்றி எழுதினார். நல்ல பேர் வந்தது. ஆறு வருடம் ஓடிற்று.

பிறகு, சோடாபுட்டி என்று நாங்கள் கூப்பிடும் ஆராய்ச்சி மாணவர் அதே செடியில் புது மொட்டுப் பறித்துவந்து சீவினார். உறை இரண்டு.

"அண்ணே, நம்ம செடி கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கே போயிடுச்சு" என்று சிரித்தார்.

அம்மாவும் சிரித்தார். "தப்புன்னா திருத்தி எழுதிடலாம், அதுக்கென்ன. நாளைக்கு அந்தப் பழைய பாட்டில் ரெண்டையும் எடுத்து வைங்க, பாத்துடுவோம்."

பார்த்தால் சீட்டு மாறியது தெரிந்துவிடும். அன்று சாயங்காலமே இரண்டையும் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். காலையில் கேட்டபோது, அலமாரியைக் கடைசியாகத் திறந்தது சோடாபுட்டிதான் என்றேன். தன் பேச்சு எடுபட வேண்டும் என்று பழைய மொட்டுகளை அழித்துவிட்டார் என முடிவு கட்டினார்கள். விசாரணையில் அவர் என் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

படிப்பிலிருந்து நீக்கினார்கள். பத்தாம் நாள் விடுதி அறையின் கதவை உடைத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

பெட்டியை எடுத்துப்போக அவருடைய தங்கை வந்தாள். "அண்ணன் உங்களப் பத்தி நெறையச் சொல்லும். கடைசியா ஏதாச்சும் சொல்லிச்சா?"

"நல்ல புள்ளம்மா" என்றேன். பேருந்துவரை பெட்டியை நான்தான் தூக்கிப்போனேன்.

அம்மாவின் பேர் கெடக்கூடாது என்றுதான் செய்தேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாதான் திருத்திவிடலாம் என்று சொல்லிவிட்டாரே, ஐயா. உண்மை தெரிந்திருந்தால், பென்சில் பென்சில் என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருப்பார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க மாட்டாமல்தான் அந்தப் பிள்ளையைக் கொன்றேன்.