குழியின் வடக்குச் சுவர்

இரவல் வாங்கிய பொருளை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது என் வழக்கம். அதனால்தான் ஏணியைக் கொண்டுபோய் பக்கத்துத் தோட்டக்காரர் சுருளியாண்டியின் மோட்டார் ரூமில் சாய்த்துவைத்தேன். "நனைஞ்சு வந்திருக்கீகளே சார், அந்தப் பிள்ளை எங்க?" என்று கேட்டார். பஸ்ஸுக்குப் போய்விட்டாள் என்றேன். அவர் உங்களிடம் சொன்னது உண்மைதான், இன்ஸ்பெக்டர்.

நான் தாவரவியல் பேராசிரியர். மண்ணில் புதைந்த பழைய இலைகளையும் மகரந்தத்தையும் பார்த்து, ஒரு காலத்தில் இங்கே எவ்வளவு மழை பெய்தது என்று சொல்வது என் வேலை. 1998-ல் வருசநாட்டு மலையடியில் வறண்டு கிடந்த அந்தக் கண்மாயில் குழி வெட்டினேன். கீழே கறுப்புக் களிமண், அதில் ஈரக்காட்டு மரங்களின் இலைகள். மேலே மஞ்சள் வண்டல், அதில் வெறும் புல். நடுவே கோடு கிழித்தாற்போல ஒரு எல்லை. காடு ஒரே தலைமுறையில் காய்ந்துபோனது என்று எழுதினேன். மெல்ல மெல்லத்தான் காய்ந்தது என்று வாதாடியவர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்த ஒரு கோட்டை வைத்துத்தான் ஆறு வருஷம் மேடை ஏறினேன்.

சொர்ணலதா என் ஆராய்ச்சி மாணவி. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் வீட்டுப் பெண். மண்ணைத் தொட்டால் கை கழுவக்கூட மறந்துவிடுவாள். நல்ல பெண், அதைச் சொல்லத்தான் வேண்டும். போன ஐப்பசியில் மழை பிந்தியிருந்தது. வெள்ளிக்கிழமை வெளிநாட்டு நிபுணர்கள் பார்க்க வருகிறார்கள் என்று இரண்டு ஆள் ஆழமுள்ள பழைய குழியைத் திரும்பத் தோண்டி அகலப்படுத்தியிருந்தோம். வடக்குச் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தவள் என்னைக் கீழே கூப்பிட்டாள்.

"இங்கன பாருங்க சார். கோடு படிக்கட்டு மாதிரி இறங்குது. இது மம்பட்டி வெட்டு."

கோடையில் கண்மாயில் படிந்த கரம்பை மண்ணை அள்ளி வயலுக்கு உரமாக அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எந்தக் காலத்திலோ அங்கேயும் அள்ளியிருக்கிறார்கள். காடு மெல்லக் காய்ந்த அத்தனை நூற்றாண்டு மண்ணும் மாட்டுவண்டி ஏறி யாருடைய தோட்டத்துக்கோ போயிருக்கிறது. பிறகு வந்த வண்டல் அந்தப் பள்ளத்தில் படிந்து என் கோடாகியிருக்கிறது. நானும் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டில் பிறந்தவன்தான். எங்கள் அப்பாவோடு கரம்பை அள்ளியிருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

"வெள்ளிக்கிழமை நீங்களே சொல்லிருங்க சார். நான் சொன்னா நல்லாருக்காது" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நாலு பக்கச் சுவரும் நெருங்கி வருவது போல இருந்தது. பயந்துபோனேன். போட்டோ எடுத்துவிட்டு வா என்று சொல்லி மேலே ஏறினேன். ஏறியதும் ஏணியை இழுத்துக்கொண்டேன்.

அவளை நான் தொடவில்லை. மலையில் மழை இறங்கிவிட்டது தெரியும். கண்மாய்க்கு ஓடைத் தண்ணீர் வரும் என்பதும் தெரியும். பக்கத்திலிருந்த கருவேல மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். "சார், ஏணி சரிஞ்சிருச்சு போல" என்றாள் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, "சார், தண்ணி வருது" என்றாள். என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நனைந்த களிமண்ணில் பிடிமானம் கிடைக்காது. வடக்குச் சுவர் இடிந்து உள்ளே விழுந்த பிறகு சத்தம் இல்லை. நிபுணர்கள் வந்தபோது கண்மாய் நிறையத் தண்ணீர்தான் இருந்தது.

இந்தக் கோடையில் கரம்பை அள்ள வந்தவர்கள் அவளைக் கண்டெடுக்கும் வரை, அவள் யாரோடோ போய்விட்டாள் என்று ஊர் பேசியது. நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏணியை எடுத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவளை அப்படியே கைவிட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். தை மாதம் வெளிவந்த என் கட்டுரையில் அவள் பெயரையும் சேர்த்தேன். காடு ஒரே தலைமுறையில் காய்ந்தது என்று நாங்கள் இருவரும் கண்டறிந்ததாக அதில் இருக்கிறது. போடிக்குப் போய் ஒரு பிரதியை அவள் அம்மாவிடம் கொடுத்தேன். அந்த அம்மா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். தன் மாணவிக்காக எந்த வாத்தியார் இவ்வளவு செய்வார்?