எள்ளுருண்டைப் பாக்கெட்டில் மயில்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“இன்னாக்கா, நேத்து அனுப்ன போட்டோல மயிலையே காணோம், உன் மூஞ்சிதான் கீது!” என்றாள் இளையவள்.

மூத்தவள் மடியில் எள்ளுருண்டை பாக்கெட் ஒன்று இருந்தது. கண்ணாடிபோல் மின்னும் வெள்ளி உறையில் ஒரு மயில் அச்சாகியிருந்தது. அவர்களுடைய மகளிர் குழுவின் சரக்கு.

“கடக்காரனும் அதாண்டி சொன்னான். இன்னிக்குள்ள படம் தெளிவா வரலேன்னா ஆன்லைன்ல போடமாட்டானாம். காலைல வேற எடுத்து அனுப்சேன், பாரு.”

இளையவள் செல்போனை வாங்கிப் படத்தை விரலால் பெரிதாக்கினாள். “அய்ய, தோகைல ஒவ்வொரு கண்ணும் தெரியுதே! எப்டிக்கா?”

“வாசல்ல கட்டில கவுத்துப் போட்டு, நாலு காலையும் சுத்தி வெள்ள வேட்டி கட்டினேன். மேலயும் மூடிட்டேன். பாக்கெட்டு உள்ள. வெயிலு வேட்டில பூந்து மெத்துனு வந்துது. பளபளப்பு அடங்கிடுச்சி.”

“போனு?”

“வேட்டில ஓட்ட போட்டு, வெளிய நின்னுக்கினு எடுத்தேன். கிட்ட போனா என் சேல கலரு மயிலு மேல ஏறிடுதுடி.”

“உங்கூட்டு அண்ணன் வேட்டியா?”

“கிருத்திகைக்கு எடுத்த புதுசு. அவராண்ட சொல்லித் தொலைக்காத.”

“போட்டோக்காரனுக்குக்கூட இது தோணாதுக்கா. கில்லாடிதான் நீ.”

இளையவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. கடைக்காரனின் செய்தியை உரக்கப் படித்தாள்: “‘படம் சூப்பர். மதியமே போட்டுடறோம். எந்த ஸ்டுடியோல எடுத்தீங்க? இன்னொரு படமும் வேணும்.’”

மூத்தவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“ஸ்டுடியோ சாயங்காலந்தான் தெறப்பாங்கன்னு போடு. இப்ப எங்கூட்டுக்காரு அதுல படுத்துக்கினு கீறாரு.”