முதலில் வந்தது சத்தம்

உங்கள் மின்விசிறியைக் கழற்றி ஒரு தடவை எண்ணெய் விடச் சொல்லுங்கள் ஐயா. பேரிங் தேய்ந்திருக்கிறது. நான் நிமிர்ந்து பார்த்துச் சொல்லவில்லை. பார்த்துச் சொல்ல யாராலும் முடியும். நாற்காலியில் உட்கார்ந்ததுமே மெல்லிசாக ஒரு 'ங்ஙீ' கேட்டது. காற்றென்னவோ நன்றாகத்தான் வருகிறது. பேரிங் போவதற்கு முதல் நாள் வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

வாக்குமூலத்தை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். மகிழ்ச்சி. ஒரே ஒரு வேண்டுகோள்: வரிசை மாறக்கூடாது. முதலில் சத்தம், பிறகுதான் பசை. லேத்காரன் அதைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். அதைத் திருத்தத்தான் நானாகவே உங்களைத் தேடி வந்தேன்.

என்னை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். உதிரிபாகக் கடையில் ஆயுசு முழுக்க நின்றவன் நான். வருகிறவர்களுக்குப் பாகத்தின் பெயர் தெரியாது. வாயால் சத்தம் போட்டுக் காட்டுவார்கள். ஒருவர் 'டக்டக்' என்பார், வால்வு. இன்னொருவர் 'கொர்ர்' என்பார், கிளட்ச் தட்டு. ஒரு பெரிய மனிதர் கடை நடுவே நின்று கோழி மாதிரிக் கொக்கரித்தார். டைமிங் செயினை எடுத்துக் கொடுத்தேன், ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். முடி வெட்டிக்கொண்டிருந்தபோது மூன்றாம் தெருவில் போன பேருந்தின் சத்தத்தை வைத்து, இரண்டாவது சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொன்னேன். அது முனையில் நின்றுவிட்டது. அங்கே அதற்கு நிறுத்தம் இருக்கிறது என்றார் முடிவெட்டுபவர். வயிற்றெரிச்சல் பிடித்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

ஞாயிறு காலையில் லேத் பட்டறையில் கூடுவோம். லேத்காரன், நடந்தாலே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவதால் 'பிஸ்டன்' என்று பெயர் பெற்ற வங்கிக்காரர், வண்டியைக் கிளப்ப உதைத்து உதைத்தே ஒரு கால் பருத்துப்போன வாத்தியார், அப்புறம் நான். மனைவியின் பிறந்தநாளை மறந்துவிட்டு கார்புரேட்டர் ஜெட்டின் எண்ணை மனப்பாடமாக ஒப்பிக்கிற கூட்டம். யார் வண்டி வந்தாலும் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை என்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பேன். கேட்டுவிட்டு ஒரு வாக்குச் சொல்வேன். அது பலிக்கும். எனக்குக் கருநாக்கு என்று பிஸ்டன் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் என் முன்னால் வண்டியைக் கிளப்பும்போது அவர் முகம் சற்று வெளிறும். அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஐயா ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறது.

எப்படிப் பலிக்கும் என்று கேட்பீர்கள். உதாரணமாக, பிஸ்டனின் காரில் இந்த வாரத்துக்குள் தண்ணீர் கொதித்து வெளியே வரும் என்றேன். ரேடியேட்டர் குழாயைப் பிடித்திருப்பது ஒரு சின்னக் கிளிப். அரைச் சுற்று போதும். அது எப்படியும் ஒருநாள் கழலத்தான் போகிறது. நான் அதைக் காக்க வைக்கவில்லை. வாத்தியாரின் கிளட்ச் கம்பியும் அப்படித்தான். ஏற்கனவே இழை பிரிந்திருந்தது. மிச்சத்தைக் கொஞ்சம் பிரித்துவிட்டேன். வைத்தியன் நோயைச் சொன்னால் கும்பிட்டுக் காசு கொடுக்கிற ஜனம், என்ஜின் விஷயத்தில் மட்டும் கண்ணால் கண்டால்தான் நம்பும். நான் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. சொன்னது பொய்யாகிவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

இந்த 'ங்ஙீ' முதலில் என் ஸ்கூட்டரில்தான் வந்தது. என்ஜினை இறக்கி எல்லா பேரிங்கையும் மாற்றினேன். போகவில்லை. பிறகு வீட்டு ஃபிரிட்ஜில் வந்தது, தண்ணீர் மோட்டாரில் வந்தது, தையல் மிஷினில்கூட வந்தது. உட்கார்ந்தால் கேட்கும், எழுந்து நடந்தாலும் கூடவே வரும். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினேன். எல்லாம் நின்ற பிறகும் கேட்டது. அப்படியென்றால் அது பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ்தானே. அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தார்கள். பூட்டிய வீட்டில் ஃபிரிட்ஜை ஓடவிட்டுப் போகிறார்களே, இவர்களை என்ன சொல்வது. என் மனைவி மட்டும், இந்த மனுஷன் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் ஊருக்கே நல்லது என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இனி மாப்பிள்ளை. ஒரே மகளைக் கட்டியவர். நல்ல மனிதர் என்பதை எழுதிக்கொள்ளுங்கள், நான் மறைக்கப் போவதில்லை. பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒற்றை சிலிண்டர் என்ஜினை எடுத்து, சட்டத்தைத் தானே வளைத்துப் பற்றவைத்து, டேங்க்கைத் தகட்டிலிருந்து தட்டி எடுத்து, ஒரு பைக்கைச் செய்துமுடித்தார். புகைக்குழாயை லேத்காரனும் அவரும் சேர்ந்து செய்தார்கள். நான்கூட மனதுக்குள் கை தட்டினேன். பட்டறைக்குக் கொண்டுவந்து ஒரே உதையில் கிளப்பினார். வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது, அவருடைய காலுக்கு இப்படி ஒரு வண்டி வாய்க்கவில்லையே என்று.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்தேன். 'ங்ஙீ.'

கிராங்க் பேரிங் போகிறது, மலைப் பாதையில் ஏறிவிடும், இறக்கத்தில் என்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும் என்றேன். லேத்காரன் ஸ்க்ரூடிரைவரை வாங்கிக் கேட்டான். வாத்தியார் கேட்டார். பிஸ்டன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள்.

"காது அண்ணே, வண்டி ஜம்முனு இருக்கு. உங்க காதைத்தான் இறக்கி மாட்டணும் போல" என்றார் பிஸ்டன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. என்னை வீடு வரை கூட்டிவந்து, வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மாமா, தப்பா நினைக்காதீங்க. சத்தம் வண்டியில இல்ல, உங்க காதுல இருக்கு. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இதே மாதிரி இருந்துச்சு. நான் லீவு போடறேன், டாக்டர்கிட்ட போயிட்டு வந்துருவோம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாரே, அதுதான் உறுத்தியது. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்றல்லவா அதற்கு அர்த்தம்.

அடுத்த ஞாயிறன்று எல்லோருமாக மலைக்குப் போவதாக ஏற்பாடு. முந்தின நாள் மதியம் மகள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. வண்டி நின்ற கொட்டகையில் ஒரு கயிற்றுக் கட்டில் உண்டு. இங்கேயே சற்றுச் சாய்கிறேன் என்றேன். எனக்குத் தலையணை எடுத்துவர மாப்பிள்ளை உள்ளே போனார். வால்வை வழவழப்பாக்கத் தேய்க்கிற பசை ஒன்று உண்டு ஐயா, தொட்டால் பற்பசையில் மணலைக் குழைத்ததுபோல் இருக்கும். அதில் கொஞ்சத்தை என்ஜின் ஆயில் ஊற்றும் வாயில் விட்டு மூடினேன். அவர் இரண்டு தலையணை கொண்டுவந்தார். ஒன்று தலைக்கு, ஒன்று காலுக்கு. நன்றாகத் தூங்கினேன்.

இதிலே கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எனக்குக் கேட்கிறது அவர்களுக்கும் கேட்கட்டும் என்பதுதான் கணக்கு. செவிட்டுக் கூட்டத்துக்கு நடுவில் சற்றுச் சத்தமாகப் பேசுவதில்லையா, அதுபோல.

காலையில் மகள் தலைக்கவசத்தோடு வந்து நின்றாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"நீ எங்கம்மா?"

"புது வண்டிப்பா. பின்னாடி உக்கார ஆள் வேணாமா?"

"ஏறாதம்மா. அதுல சத்தம் இருக்கு."

"உங்களுக்கு எதுலதான்ப்பா சத்தம் இல்ல?" என்று சிரித்துக்கொண்டே ஏறினாள்.

அந்த இடத்தில் பசை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று உங்கள் முகம் சொல்கிறது. யோசித்தேன் ஐயா. பசை என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் சத்தத்தை யார் நம்புவார்கள்?

பிஸ்டனின் காரில் நான் பின்னால் போனேன். காருக்குள்ளும் 'ங்ஙீ'. கண்ணாடியை ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். காது அண்ணே கொஞ்சம் சும்மா இருங்க என்றார் அவர். மேட்டில் வண்டி அழகாக ஏறியது. உச்சியில் நிறுத்தியதும் மாப்பிள்ளை தலையைச் சாய்த்துக் கேட்டார். கைப்பிடியைத் திருகினார், மறுபடியும் கேட்டார். பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "மாமா சொன்னது சரிதான் போல. உள்ள ஏதோ உரசுது. நான்தான் தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க மாமா."

என் வாழ்க்கையில் அவ்வளவு அமைதியான நிமிஷம் வேறு இல்லை. 'ங்ஙீ' கூட ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது.

அத்தோடு முடிந்திருக்கலாம். லாரி பிடித்து வண்டியை ஏற்றிப் போகலாம் என்றான் லேத்காரன். அதெல்லாம் வேண்டாம், நியூட்ரலில் போட்டு மெல்ல உருட்டிக்கொண்டே இறங்கலாம் என்றார் வாத்தியார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். பிஸ்டனின் முகம் வெளிறியிருந்தது. ஆனால் நான் சொன்ன வாக்கில் பாதிதானே பலித்திருந்தது? இறக்கத்தில் பிடித்துக்கொள்ளும் என்றல்லவா சொல்லியிருந்தேன்.

"இறக்கத்துல கியர் இல்லாம போகக் கூடாது" என்றேன். "ரெண்டாவது கியர்ல போட்டு மெதுவாப் போங்க மாப்பிள்ளை."

இது புத்தகத்தில் உள்ள புத்திமதி. எந்த ஓட்டுநரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். என்ஜின் நல்லபடியாக இருந்தால் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தும். கியரில் இருக்கும்போது என்ஜினே இறுகிவிட்டால், பின்சக்கரமும் அதோடு இறுகி நின்றுவிடும். அது புத்தகத்தில் கிடையாது. எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கும், ஆனால் சற்றுமுன்தானே என்னிடம் மன்னிப்புக் கேட்டிருந்தார், மறுபடியும் எதிர்த்துப் பேச மனம் வரவில்லை போலிருக்கிறது. தலையை ஆட்டிவிட்டுக் கியரைப் போட்டார்.

இரண்டாவது வளைவு. நான் சொன்னபடியே.

மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். மகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இடுப்புக்குக் கீழே எதுவும் இப்போதைக்குச் சொல்ல முடியாதாம். நினைவு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னீங்கப்பா. ஏறாதன்னு சொன்னீங்க. நான்தான் கேக்கல" என்றாள். வீட்டில் முதல்முதலாக ஒருவர் என் காதை நம்பியது அன்றைக்குத்தான். வெளியே வராந்தாவில் வந்து அழுதேன். எதற்கு அழுதேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பட்டறையில் லேத்காரன் என்ஜினைப் பிரித்தான். கிராங்க் பேரிங் சல்லடையாகிக் கிடந்தது. பார்த்தாயா என்றேன். அவன் ஆயிலை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தான். நறநறத்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். பேரிங் நன்றாகத்தான் இருந்தது, பசைதான் தின்றிருக்கிறது என்று அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறான்.

பசை போட்டது நான்தான். கியரில் போகச் சொன்னதும் நான்தான். அது அவரைக் கொல்லும் என்று தெரிந்துதான் சொன்னேன். என் பிள்ளை பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் தெரியும். இவையெல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன், தயக்கமே இல்லை. ஆனால் அந்தப் பேரிங்கில் சத்தம் முன்னாலேயே இருந்தது. அதை மட்டும் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்?

விசிறியா? போன மாதமே மோட்டார் எரிந்துபோய், மின்கம்பியையே துண்டித்து வைத்திருக்கிறீர்களா? காற்று ஜன்னலிலிருந்து வருகிறதா?

ஆமாம், இறக்கை அசையவில்லை. இப்போதுதான் பார்க்கிறேன்.

பார்த்தீர்களா ஐயா, விசிறி கெட்டுத்தானே கிடக்கிறது. என் வாக்கு பலிக்காமல் போனதே இல்லை. இந்த ஒரு தடவை மட்டும் நான் கையே வைக்கவில்லை.