ஏழாம் எண்ணும் பச்சைப் பொத்தானும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய அரைப்பருவ மதிப்பீட்டில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. மருந்துப் பெட்டிகளில் ஒட்டும் சீட்டுகளைப் படித்துத் திருத்துவது என் வேலை. பதினெட்டு வருடத்தில் என் கவனக்குறைவால் ஒருவரும் தவறான மாத்திரையை விழுங்கியதில்லை. பல் டாக்டர் ஐயா, நம் லீகின் நிர்வாகி என்ற முறையில் நீங்கள் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். நம்மோடு ஆடும் லிஃப்ட் மெக்கானிக் அண்ணனும் சேர்ந்தே படிக்கட்டும். மடியில் கனமில்லை.

விளையாட்டு தெரியாத யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் அவர்களுக்காக: நாங்கள் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு கூடைப்பந்து அணி. ஆட்டக்காரர்கள் யாரும் நிஜத்தில் இல்லை. கணினியே பெற்று, கணினியே ஆட வைக்கிறது. நமக்கு நான்கு மாதம் என்றால் அங்கே ஒரு பருவம், ஆட்டக்காரருக்கு ஒரு வயது. நாங்கள் ஆள் எடுப்போம், பயிற்சி கொடுப்போம், தோற்றால் சாப்பிடாமல் படுப்போம். பாதிப் பருவம் முடிந்ததும் சீட்டுக் குலுக்கி ஒருவரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அவர் எல்லா அணிகளையும் எடைபோட்டு எழுத வேண்டும். இந்த முறை சீட்டு எனக்கு விழுந்தது. அதில் நான் எதுவும் செய்யவில்லை.

என் அக்காவின் அணி நான்காம் இடத்தில் இருந்தது. அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். யாரையும் லேசில் நம்பமாட்டாள், என்னைத் தவிர. அவள் அணியில் ஏழாம் எண்காரர் ஒருவர் இருந்தார். பத்தொன்பது வயதில் யாரும் சீண்டாமல் கிடந்தவரை எடுத்து, பதினேழு பருவம் வளர்த்து, முப்பத்தாறு வயதாக்கியிருந்தாள். கணினி அவருக்கு ஏதோ பெயர் வைத்திருந்தது. அக்கா கண்ணு என்றுதான் கூப்பிடுவாள்.

தினமும் சாயங்காலம் போன் வரும். "இன்னிக்கு என் கண்ணு பதினாலு பாஸ் குடுத்திருக்கான்டா. ஒண்ணுகூட வீணாகல." எனக்குப் பதவி உயர்வு வந்ததைச் சொன்னேன். "அப்படியா, நல்லது. கண்ணுக்கு முட்டி தேஞ்சுட்டே வருதுடா, மனசே சரியில்ல" என்றாள். இன்னொரு நாள், "அவன் உன்ன மாதிரி இல்ல, சொன்னா கேப்பான்" என்றாள். நான் சிரித்தேன். இல்லாத ஒருவன் மேல் பொறாமைப்பட நான் என்ன சின்னப் பிள்ளையா? எனக்கு நாற்பத்தாறு வயது.

தகவலுக்காக மட்டும்: அதற்கு முன் நாற்பது வருடம் அவள் கண்ணு என்று கூப்பிட்டது என்னைத்தான். விசாரணைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மதிப்பீட்டில் நான் எழுதியது இது: "இந்த அணியின் நோய் பாசம். ஏழாம் எண்காரர் இப்போது ஓடுவதில்லை, ஓடுகிறவர்களை வேடிக்கை பார்க்கிறார். முழங்கால் நலம் நூற்றுக்கு முப்பத்தொன்று. அவரை இன்னும் ஆட வைப்பது அன்பா, வதையா என்பதை உரிமையாளர் யோசிக்கட்டும். பத்துக்கு மூன்று." இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அவர் களத்தில் இருந்தபோதுதான் அந்த அணி ஜெயித்தது என்ற கணக்கை மட்டும் விட்டுவிட்டேன். இடம் போதவில்லை.

முழங்காலைப் பற்றி எக்ஸ்ரே எடுப்பவளிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்றிரவு அவள் தூங்கவில்லை. காலையில் கண்ணுவை விடுவித்துவிட்டாள். நம் விதி உங்களுக்குத் தெரியும். முப்பத்தைந்தைத் தாண்டிய ஆளை விடுவித்தால் மூன்று நாளைக்குள் வேறு அணி எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஓய்வு, அவருடைய பக்கமே அழிந்துவிடும்.

"நீ எடுத்துக்கோடா. எங்கிட்ட இருந்தா கை சும்மா இருக்காது, ஆட விட்டுடுவேன். நீ பெஞ்சுல உக்கார வை, போதும்" என்றாள்.

"கவலப்படாதக்கா. நம்ம வீட்டுப் பிள்ள" என்றேன்.

மெக்கானிக் அண்ணன் தங்கமான மனிதர். "தம்பி, நான் வேணா எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம்ணே, குடும்ப விஷயம்" என்றேன். அவர் ஒதுங்கிக்கொண்டார். மற்றவர்களுக்கும் அதையே எழுதிப் போட்டேன்.

மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்குக் கெடு. ஐந்து ஐம்பதிலிருந்து ஆறு ஐந்து வரை நான் இணையதளத்துக்குள் இருந்ததாகப் பதிவு காட்டுகிறது என்கிறீர்கள். சரியாகத்தான் காட்டுகிறது. 'எடு' என்ற பொத்தான் பச்சையாக இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு அது சாம்பல் நிறமானது. பிறகு எழுந்து டீ போட்டேன். சர்க்கரை சரியாக இருந்தது.

அக்காவுக்குப் போன் செய்து, "நெட் போயிடுச்சுக்கா" என்றேன். ரொம்ப நேரம் அழுதாள். நானும் மூக்கை உறிஞ்சினேன். பிறகு அவளே சொன்னாள்: "விடு கண்ணு. நெட் இல்லன்னா நீ என்ன பண்ணுவ. நீ அழாத."

பிழையைத் திருத்துவது என் தொழில். அன்றைக்குத் திருத்தவில்லை.

என் அணியைப் பறியுங்கள், ஒரு வருடம் விலக்கி வையுங்கள், மறுபேச்சு பேசமாட்டேன். அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவள் மனசு தாங்காது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

நேற்று அவள் புதிதாக ஒருவனை எடுத்திருக்கிறாள். பத்தொன்பது வயது, நல்ல முழங்கால். இப்போதைக்கு அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். எதற்கும் அடுத்த பருவ மதிப்பீட்டையும் நானே எழுதித் தருகிறேன். சீட்டுக் குலுக்கும் சிரமம் உங்களுக்கு வேண்டாம்.